வயதான நத்தை எதை மறக்கிறது?

சேரம்பாடிப் பக்கத்திலிருந்து, விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எளிய விலங்குகளின் நரம்புச் செல்களுக்கு வயதாக ஆகக் கற்றலும் நினைவும் குறைகின்றன என்று பாடத்தில் ஒரே வரியில் வருகிறதாம். ஏன் குறைகின்றன, செல்கள் செத்துப்போவதாலா என்பது அவர் கேள்வி. கூடவே வீட்டுக் கவலை ஒன்றையும் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாயி, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நுவரெலியாப் பக்கத்தில் தாங்கள் இருந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எத்தனை காம்பரா, கங்காணி பெயர் என்ன, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதையெல்லாம் இன்றைக்கும் பிசகாமல் சொல்கிறாராம். காலையில் தேத்தண்ணி குடித்தோமா இல்லையா என்பது மட்டும் பத்து மணிக்கு நினைவில் இல்லை. "நத்தையைப் பார்த்து எங்கள் அப்பாயியைப் புரிந்துகொள்ள முடியுமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

ஓரளவுக்கு முடியும் தம்பி. எந்த அளவுக்கு என்பதையும் கடைசியில் சொல்கிறேன். நான் முப்பது வருடம் விலங்கியல் நடத்திவிட்டு, இப்போது கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் நான்கு தேனீப் பெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் இந்தப் பாடத்துக்கு நேரம் போதாமல் போன வருத்தம் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எளிய விலங்குகளில் இயல்பான முதுமையின்போது நரம்புச் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தட்டி எழுப்புவது கடினமாகிவிடுகிறது. புதிதாகக் கற்றதை நெடுநாளைக்கு நிற்கும்படி பதித்துக்கொள்ளும் வேலை தடைப்படுகிறது. முன்பே பதிந்தது அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. அப்பாயியின் கங்காணியும் தேத்தண்ணியும் உங்களுக்கு இங்கேயே ஞாபகம் வரும்.

சரி, ஏன் நத்தை, புழு, ஈ என்று போகிறார்கள்? மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள். எந்தச் செல் எந்த நினைவுக்கு என்று அதில் தேடுவது முதுமலைக் காட்டில் ஒரு குறிப்பிட்ட இலையைத் தேடுவது போல. கடல் முயல் என்கிற கடல் நத்தைக்கும் குளத்து நத்தைக்கும் ஏறத்தாழ 20,000 செல்கள்தான். பழ ஈயின் மூளைக்கு 2024-ல் முழு வரைபடமே வந்துவிட்டது. அதில் எண்ணியவை 1,39,255. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவுக்கு மொத்தமே 302. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். எது எதோடு இணைகிறது என்ற படம் 1986-லேயே வெளியாகிவிட்டது. அப்புறம் ஆயுள். அந்தப் புழு இரண்டு மூன்று வாரம், பழ ஈ இரண்டு மாதம் போல, கடல் முயல் ஒரு வருடம். ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் படிப்பு முடிவதற்குள் ஓர் உயிர் பிறந்து, கற்று, கிழமாகி, தடுமாறுவதை முழுவதுமாகப் பார்த்துவிடலாம்.

இங்கே நம் மலைக்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இவையெல்லாம் குளிர் இரத்தப் பிராணிகள். சுற்றுப்புறம் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு மெதுவாக இவற்றுக்கு வயதாகும். பழ ஈயை 25 டிகிரியில் வளர்ப்பதற்கும் 18 டிகிரியில் வளர்ப்பதற்கும் ஆயுளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். குன்னூரில் அழுகிய பிளம்ஸ் பழத்தை மொய்க்கிற ஈயும் மேட்டுப்பாளையத்தில் வாழைப்பழத்தை மொய்க்கிற ஈயும் ஒரே நாளில் பிறந்திருந்தாலும் ஒரே வயதில் இல்லை. அதனால்தான் இந்தத் துறையில் ஒரு பிராணியின் வயதைச் சொல்லும்போது வெப்பநிலையையும் சேர்த்தே சொல்வார்கள். நீங்கள் கல்லூரியில் செய்முறையாக எதையாவது வளர்த்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதுமையில் எது பழுதாகிறது என்று தெரிய வேண்டுமானால், நினைவு உண்டாகும்போது செல்லில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதைக் காட்டிக்கொடுத்தது கடல் முயல். கலிஃபோர்னியாக் கடலோரத்தில் வாழும், வெளியே ஓடு தெரியாத பெரிய நத்தை. இதன் நரம்புச் செல்களில் சில ஒரு மில்லிமீட்டர் வரை பெரியவை, கண்ணாலேயே பார்க்கலாம். எரிக் கேண்டல் பல பத்தாண்டுகள் இதை வைத்து வேலை செய்து 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் எடுத்துக்கொண்டது மிகச் சாதாரணமான ஒரு செயல். நீரை வெளியேற்றும் குழலைத் தொட்டால் கடல் முயல் தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலில் ஒரு சின்ன மின்னதிர்ச்சி கொடுத்தால் அதன்பின் லேசாகத் தொட்டாலே வெடுக்கென்று இழுக்கும். பயந்துபோய் உஷாராகிவிட்டது என்று பொருள்.

ஓர் அதிர்ச்சி கொடுத்தால் அந்த உஷார்நிலை சில நிமிடங்களில் போய்விடும். இடைவெளி விட்டு நாலைந்து முறை கொடுத்தால் நாள்கணக்கில் நிற்கும். உள்ளே பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேலை. குறுகிய நினைவில், தொடுதலை உணரும் செல்லுக்கும் செவுளை இழுக்கும் செல்லுக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கிற இணைப்பு செரட்டோனின் என்ற வேதிப்பொருளால் கொஞ்ச நேரம் பலமாகிறது. புதிதாக எதையும் கட்டவில்லை. நீண்ட நினைவில், செய்தி செல்லின் உட்கரு வரைக்கும் போகிறது. அங்கே கிரெப் என்ற புரதம் சில மரபணுக்களை இயக்கிவிடுகிறது. புதுப் புரதங்கள் உருவாகிப் புது இணைப்புகள் முளைக்கின்றன. உணர்வுச் செல் ஒன்றில் ஏறத்தாழ 1,300 ஆக இருந்த இணைப்பு முனைகள், பயிற்சிக்குப் பிறகு 2,700 அளவுக்குப் பெருகியிருந்தன. ஒற்றையடிப் பாதையில் ஒருநாள் ஆள் நடமாட்டம் கூடுவது ஒன்று; மண்வெட்டியோடு ஆட்களை இறக்கிப் புதுப் பாதை வெட்டுவது வேறு. இரண்டாவதற்குச் சாமான் வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். முதுமை கை வைப்பது பெரும்பாலும் இந்தப் பாதை வெட்டும் வேலையில்தான். கேண்டலின் குழுவினரே 1983-ல் வயதான கடல் முயல்களைச் சோதித்தபோது, இளையவை மாதிரி அவை உஷாராகவில்லை என்று பார்த்தார்கள்.

இப்போது குளத்து நத்தைக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதில்தான் நடந்தது. லிம்னேயா என்பது அதன் பேரினம். ஐரோப்பாவின் குளங்களில் இருக்கிற ஒரு சிற்றினத்தைத்தான் ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். அதன் உறவுக்கார நத்தைகள் நம் ஊர்க் குளம் குட்டைகளிலும் உண்டு. இதற்குத் தண்ணீரில் கரைந்த காற்றையும் சுவாசிக்கத் தெரியும். அது போதாதபோது மேலே வந்து பக்கவாட்டில் ஒரு துளையைத் திறந்து வெளிக்காற்றையும் இழுத்துக்கொள்ளும். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதையே பாடமாக்கினார்கள். துளையைத் திறக்கும்போதெல்லாம் மெல்லிய குச்சியால் அந்த இடத்தைத் தொடுவது, அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் தொட்டால், மேலே வந்து துளையைத் திறப்பதை நத்தை குறைத்துக்கொள்கிறது. இடைவெளி விட்டுப் பயிற்சி கொடுத்தால் மறுநாளும் அது நினைவிருக்கிறது.

இந்த மூச்சுத் தாளத்தை நடத்துவது மூன்றே செல்கள் கொண்ட ஒரு சிறு வலை. தாளத்தை ஆரம்பித்து வைப்பது அவற்றில் ஒன்று. 2002-ல் என்ன செய்தார்கள் என்றால், அந்த ஒரு செல்லின் உடல் பகுதியை மட்டும் அழித்துவிட்டு, கிளைகளை அப்படியே விட்டார்கள். உட்கரு இருக்கும் உடல் போய்விட்டாலும் கிளைகள் சில நாள் உயிரோடு வேலை செய்யும். நத்தை வழக்கம்போல மூச்சு விட்டது. பாடமும் கற்றுக்கொண்டது. சில மணி நேரத்துக்கு நினைவும் வைத்திருந்தது. மறுநாளைக்கு நிற்கும் நினைவு மட்டும் உண்டாகவே இல்லை. இன்னொரு தொகுதி நத்தைகளுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, நினைவு பதிந்த பிறகு செல்லின் உடலை அழித்தார்கள். அந்த நத்தைகள் மறக்கவில்லை.

தம்பி, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். புதிதாக எழுத உட்கரு வேண்டும். எழுதி முடித்ததை வைத்திருக்கக் கிளைகளும் இணைப்புகளுமே போதும். எழுதும் இடமும் வைக்கும் இடமும் ஒரே செல்லுக்குள்ளேயே தனித்தனி. பழசு பளிச்சென்று இருக்க, புதுசு மட்டும் ஒட்டாமல் போவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த நத்தையைத்தான் சொல்வேன். இது முதுமையைப் பற்றிய சோதனை இல்லை என்பதும் உண்மை. ஆனால் முதுமையில் எந்தக் கதவு முதலில் சாத்திக்கொள்ளும் என்று ஊகிக்க வழி காட்டியது.

வயதான குளத்து நத்தையில் என்ன பார்த்தார்கள்? அன்றன்றைக்குக் கற்பதில் பெரிய குறை தெரியவில்லை. நீண்ட நினைவில்தான் அடி. அதன் செல்களில் மின்முனை வைத்து அளந்தபோது, கிழச் செல்கள் சுலபத்தில் கிளர்ச்சி அடையவில்லை. ஒவ்வொரு நரம்புச் செல்லும் ஒரு துடிப்பு துடித்தபின் சற்று நேரம் அடங்கும். அடுத்த துடிப்புக்கு அப்போது எளிதில் மசியாது. வயதான சில செல்களில் அந்த அடங்கல் ஆழமாகியிருந்தது. இதே மாற்றத்தை வயதான முயலின் (கடல் முயல் இல்லை, நிலத்தில் ஓடும் நிஜ முயல்) ஹிப்போகேம்பஸிலும் கண்டிருக்கிறார்கள். ஹிப்போகேம்பஸ் என்பது நம் மூளையிலும் புது நினைவுக்கு வாசலாக இருக்கிற பகுதி. நத்தையும் முயலும் பிரிந்து ஐம்பது கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படியிருந்தும் முதுமையில் இரண்டின் செல்களும் ஒரே மாதிரி அடங்குகின்றன என்று முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் அப்படி அடங்குகின்றன என்பதற்குக் கால்கரிக்காரர்கள் சொல்லும் காரணம் செல்லின் உறையில் இருக்கிறது. உறை கொழுப்பால் ஆனது. ஆக்சிஜனோடு வாழ்கிற எந்த உடலிலும் கொழுப்பு மெல்லக் கெடும். திறந்து வைத்த தேங்காய் எண்ணெய் சிக்கடிப்பது மாதிரி. கெட்ட பகுதியை வெட்டி எடுக்க ஒரு நொதி இருக்கிறது. இளமையில் அது தேவைக்கு வேலை செய்கிறது. முதுமையில் கெடுவது அதிகம், ஆகவே வெட்டும் அதிகம்; வெட்டியதில் வெளியாகும் துண்டுகள் செல்லின் கிளர்ச்சியைத் தணித்துவிடுகின்றன. அந்த நொதியைத் தடுத்தபோது கிழச் செல்கள் மறுபடி துடித்தன. செத்த செல்லாக இருந்தால் இது நடக்குமா? அவை இருந்துகொண்டே அடங்கிக் கிடந்தவை.

புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அதில் ஒரு முடிவு முக்கியம். வயதான புழுவின் தசை சிதைந்து, ஊர முடியாமல் கிடக்கும்போதுகூட அதன் நரம்புச் செல்கள் எண்ணிக்கையில் குறையாமல் இருப்பதை 2002-ல் காட்டினார்கள். பிறகு நுணுகிப் பார்த்ததில், செல் இருக்கிறது, ஆனால் கிளைகளில் தேவையில்லாத முளைகளும் முடிச்சுகளும் தெரிந்தன. 2010-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் கொலீன் மர்ஃபியின் குழு இந்தப் புழுக்களுக்கு ஒரு வாசனையையும் தீனியையும் சேர்த்துப் பழக்கியது. ஒரு முறை பழக்கினால் நினைவு இரண்டு மணி நேரத்தில் போய்விடும். இடைவெளி விட்டு ஏழு முறை பழக்கினால் மறுநாளும் இருக்கும். வயதாகும்போது முதலில் மங்கியது இந்த நீண்ட நினைவு. புழு நன்றாக ஊர்ந்துகொண்டும் வாசனை பிடித்துக்கொண்டும் இருக்கிற நாளிலேயே மங்கத் தொடங்கியது. கற்கும் திறன் அதற்குப் பிறகுதான் குறைந்தது.

முக்கியமான முடிவு என்றேனே, அது இதுதான். இன்சுலின் போன்ற ஒரு செய்தித் தடத்தைக் குறைத்தால் புழுவின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்று சிந்தியா கென்யன் 1993-ல் காட்டியிருந்தார். அந்த நீண்ட ஆயுள் புழுக்களை மர்ஃபியின் குழு சோதித்தபோது, இளமையில் நினைவு நன்றாக இருந்தது. கற்கும் திறனும் கூடுதல் நாள் நீடித்தது. ஆனால் நீண்ட நினைவு மட்டும் சாதாரணப் புழுவுக்கு மங்கும் வயதிலேயே மங்கிவிட்டது. குறைவாகத் தின்று நீண்டநாள் வாழும் புழுக்களில் நேர் எதிர்: இளமையில் நினைவு மட்டம், முதுமையில் அது நீடித்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் நாம் மேலே பார்த்த அதே கிரெப் புரதத்தின் அளவு. ஆயுள் நீண்டால் நினைவும் தானாக நீளும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு பாடம். ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் எதைப் பார்த்தாலும் நான் இந்தப் புழுவை நினைத்துக்கொள்வேன்.

பழ ஈயில் இரண்டு செய்தி. ஈக்களுக்கு ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி கொடுத்துக் கற்பிக்கலாம் என்று 1974-ல் சீமோர் பென்சரின் ஆய்வகம் காட்டியது. பென்சரோடு ஈக்களில் வேலை செய்த நம் நாட்டவர் ஒபைத் சித்திக்கி. பெங்களூரில் உயிரியல் ஆய்வு மையத்தை உருவாக்கியவர். நம் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் செய்தி: கற்றலுக்கு வேண்டிய ஒரு நொதி ஈயில் உண்டு. அதை இளமையிலிருந்தே கொஞ்சம் குறைத்து வைத்தால் முதுமையில் வரும் மறதி தள்ளிப்போகிறது என்று 2007-ல் தோக்கியோவில் கண்டார்கள். கற்கத் தேவைப்படுகிற பொருளே அளவு மாறினால் முதுமையில் மறதிக்குக் காரணமாகிறது. எது நல்லது, எது கெட்டது என்று ஒரு மூலக்கூறுக்கு நிரந்தரமாகப் பெயர் வைக்க முடியாது. இரண்டாம் செய்தி: ஸ்பெர்மிடின் என்ற இயற்கைப் பொருளைத் தீனியில் கலந்து கொடுத்தால் கிழ ஈக்களின் நினைவு இளையவற்றின் அளவுக்கு நீடித்ததை 2013-ல் பெர்லின் குழு காட்டியது. செல்லுக்குள் சேரும் குப்பையை அப்புறப்படுத்தும் வேலையை அது தூண்டுகிறது. இதைக் கேட்டதும் மாத்திரை விற்க வந்துவிடுவார்கள், வந்தும் விட்டார்கள். ஆகவே இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நினைவுக் குறையை உணர்ந்த முதியவர்களுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2022-ல் வெளியான சோதனையில் நினைவு மேம்படவில்லை. ஈக்கு ஆனது அப்பாயிக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேனீ. எனக்கு மிகவும் நெருங்கியது, அதனால் இங்கே கொஞ்சம் தங்குகிறேன்.

ஆய்வுகள் நடந்தது ஐரோப்பியத் தேனீயில். நம் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீ, பாறையில் கூடு கட்டி, குறும்பர்கள் கயிற்றேணியில் இறங்கி எடுக்கும் மலைத்தேனீ எல்லாம் அதன் நெருங்கிய இனங்கள். ஒரு வேலைக்காரத் தேனீயின் தலையில் ஏறத்தாழ பத்து லட்சம் நரம்புச் செல்கள். பிறந்து முதல் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே இருந்து அறை சுத்தம் செய்யும், புழுக்களுக்கு ஊட்டும். அதைச் செவிலித் தேனீ என்போம். பிறகு வெளியே போய்த் தேனும் மகரந்தமும் கொண்டுவரும். வெளி வேலைக்குப் போனபின் ஆயுள் சில வாரம்தான்.

தேனீயின் கற்றலைச் சோதிப்பது சுலபம். சிறு குழாயில் அதை நிறுத்தி, ஒரு வாசனையைக் காட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். பழகிவிட்டால் வாசனைக்கே நாக்கை நீட்டும். இப்படிச் சோதித்தபோது, இரண்டு வாரத்துக்கு மேல் வெளி வேலை பார்த்த தேனீக்களில் பல மந்தமாகக் கற்றன. அதே வயதில் கூட்டுக்குள்ளேயே செவிலியாக இருந்தவற்றில் அந்த மந்தம் இல்லை. பிறந்து எத்தனை நாள் ஆனது என்பதைவிட, வெளி வேலை எத்தனை நாள் என்பதே தேனீயின் மூளைக்கு வயதாக இருக்கிறது.

இன்னொன்று. 2010-ல் வந்த ஆய்வு ஒன்றில் தேனீக்களின் வீட்டை இடம் மாற்றிப் பார்த்தார்கள். வயதான வெளித் தேனீக்களுக்குப் பழைய வீடு இருந்த இடத்தை விட்டுவிடுவது கடினமாக இருந்தது. பழைய இடத்துக்கே திரும்பின. பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது கண்ணால் பார்க்கிற விஷயம். பெட்டியை நகர்த்தினால் மூன்று அடிக்குள் நகர்த்து, இல்லையென்றால் மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோ என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் மழைக்கு ஒதுக்குப்புறமாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டியை வீட்டுக்குப் பின்னாலிருந்து கீழ்த்தட்டுக்கு, சில்வர் ஓக் மர வரிசையோரம் மாற்றினேன். அந்த அவசரம் என் தவறு. முதல் இரண்டு நாள் நிறையத் தேனீக்கள் பழைய இடத்தில் வந்து சுற்றின. அது எல்லா வெளித் தேனீக்கும் சகஜம். நான்காம் நாள் சாயங்காலம் பார்த்தபோது ஒரு கைப்பிடி அளவு அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தன. பெரும்பாலானவற்றின் இறக்கை ஓரம் நைந்து கிழிந்திருந்தது. நீண்டநாள் பறந்ததன் அடையாளம் அது. இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. குளிரில் விறைத்துப்போன அவற்றை ஒரு தட்டில் வாரிக் கீழே கொண்டுபோய்ப் பெட்டி வாசலில் விட்டேன். உங்கள் கடிதத்தில் அப்பாயி சில சாயங்காலம் லயத்துக்குப் போகணும் என்று எழுந்து நிற்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு அந்தக் கல்தான் கண்ணில் வந்தது.

தேனீயில் இன்னும் பெரிய செய்தி பாக்கி இருக்கிறது. 2012-ல் அரிசோனாவில் க்ரோ ஆம்டமின் குழு, கூட்டிலிருந்த இளம் செவிலிகளை எல்லாம் எடுத்துவிட்டது. ராணியும் பசித்த புழுக்களும் மட்டும் கூட்டில். வெளியே போயிருந்த வயதான தேனீக்கள் திரும்பி வந்து பார்த்தால் ஊட்ட ஆள் இல்லை. சில நாளில் அவற்றில் ஒரு பகுதி வெளி வேலையை விட்டுவிட்டுப் புழுக்களுக்கு ஊட்ட இறங்கின. மற்றவை வெளியே போவதைத் தொடர்ந்தன. பத்து நாள் கழித்துச் சோதித்தார்கள். பிள்ளை வளர்க்கத் திரும்பிய கிழத் தேனீக்களில் கணிசமானவை மறுபடி நன்றாகக் கற்றன. அவற்றின் மூளையில் சில புரதங்களின் அளவும் மாறியிருந்தது. அவற்றில் ஒன்று ஆக்சிஜன் சேதத்திலிருந்து செல்லைக் காப்பது. இன்னொன்று மற்ற புரதங்கள் உருக்குலையாமல் பார்த்துக்கொள்வது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சூழலும் வேலையும்தான் மாறின. முதுமையின் மந்தம் ஒருவழிப் பாதை என்று எழுதி வைத்திருந்த பாடத்தை இந்தத் தேனீக்கள் திருத்த வைத்தன.

எல்லாப் பிராணிக்கும் முதுமையில் நினைவு மங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. கணவாய் மீனை 2021-ல் கேம்பிரிட்ஜ்காரர்கள் சோதித்தார்கள். எதை, எங்கே, எப்போது தின்றோம் என்று நினைவு வைத்திருப்பதில், இரண்டு வயதை நெருங்கிய கிழக் கணவாய் ஒரு வயதுக் கணவாய்க்குச் சளைக்கவில்லை. அதன் ஆயுளே இரண்டு வருடம் போலத்தான். நேற்று எங்கே என்ன தின்றோம் என்பதில்தான் மனிதர்கள் வயதானதும் அதிகம் தடுமாறுகிறோம். கணவாய் அதைக் கடைசி நாட்கள் வரைக்கும் வைத்திருக்கிறது.

சரி, அப்பாயி. நத்தையிலிருந்து அவருக்கு எவ்வளவு தூரம் வரலாம்? இயல்பான முதுமையில் வரும் மந்தம், அதாவது பெயர் உடனே நாக்குக்கு வராதது, புதுசு பிடிபட நேரமாவது, இதற்கு மேலே சொன்னவை பொருந்தும். நம் மூளையிலும் இயல்பான முதுமையில் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை; இணைப்புகளும் கிளர்ச்சியும்தான் குறைகின்றன. ஆனால் அல்சைமர் போன்ற நோய் வேறு. அதில் செல்கள் உண்மையிலேயே சாகின்றன. நத்தைக்கும் புழுவுக்கும் அந்த நோய் தானாக வருவதில்லை. காலையில் நடந்தது பத்து மணிக்குள் முழுவதும் போய்விடுகிறது, அதுவும் தினமும் என்றால், வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சரியாகக் காது கேட்காதது, சேர்த்துச் சாப்பிடும் மாத்திரைகள், இவற்றாலும் மறதி வரும்; இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம். மலையில் இருந்து இறங்கிப் போவது சிரமம் என்று பலர் இதைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. கடல் முயலில் இருந்து புழு வரைக்கும், நினைவை நிற்க வைத்தது இடைவெளி விட்டுத் திரும்பச் செய்த பயிற்சி. மறதி நோய் வந்தவர்களிடமும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்க் கேட்கும் ஒரு பயிற்சி முறையைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அது நோயைக் குணமாக்காது. ஆனால் அன்றாடம் தேவையான ஒன்றிரண்டு விஷயத்தைப் பிடித்து நிறுத்த உதவும். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்பதுபோல. "அலமாரி மேல் தட்டில் இருக்கு அப்பாயி" என்று சொல்லிவிட்டு உடனே கேளுங்கள். சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம் கழித்து, பிறகு இரண்டு நிமிடம், நாலு, எட்டு என்று விட்டுவிட்டுக் கேளுங்கள். நடுவில் லயத்துக் கதை பேசிக்கொண்டிருக்கலாம். தப்பாகச் சொன்னால் திருத்திச் சண்டை போடாமல் பதிலை நீங்களே சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பிப் போங்கள். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, எத்தனை நிமிடம் வரை வந்தது என்று எழுதுங்கள். டப்பாவை மட்டும் அந்த வாரம் இடம் மாற்றாதீர்கள்.